சரித்து வைத்த டீவி

என் வயதுக்காரர்களான உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்போது நம்முடைய பிள்ளைகள் நாலு பேர் ஒன்றுகூடினால் கதை ஒன்றுதான். எந்த கேம் மெசின் நல்லது, எந்தக் கம்பனி அடுத்ததை எப்போது வெளியே விடும், அந்த விலை நியாயமா. போன பெருநாளன்று என் இளைய மகன் ஒரு புதுக்கதை சொன்னான். முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து காசு போட்டு, இன்னும் செய்து முடியாத ஒரு விளையாட்டைச் செய்விக்கிறார்களாம். "உங்களுக்கு இதெல்லாம் விளங்காது உம்மா" என்று கடைசியில் சொல்லிவிட்டு எழும்பிப் போனான்.

எனக்கு விளங்கும். ஒரு கேம் மெசினுக்குப் போகிற காசு வேறு எந்த வீட்டில் குறைகிறது என்பதை ஒன்பது வயதிலேயே பார்த்தவள் நான்.

நாட்டில் டீவி வந்த புதிது. சாய்ந்தமருதில் எங்கள் தெருவில் டீவி இருந்த வீடு எங்களுடையது மட்டும்தான். ஒரு பெரும்போகம் நன்றாக விளைந்ததில் வாப்பா வாங்கிய கறுப்பு வெள்ளை டீவி. உம்மா அதற்குப் பூவேலை செய்த துணியில் சட்டை தைத்துப் போட்டிருந்தார். பின்னேரம் ஒளிபரப்பு தொடங்கும் நேரத்தில் அந்தச் சட்டையைக் கழற்றுவது ஒரு சடங்கு மாதிரி நடக்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் முன்னறையில் பாய் விரித்து உட்காருவார்கள். ஆண்கள் விறாந்தையில் நிற்பார்கள். பகல் முழுக்க அது சட்டைக்குள் தூங்கும்.

அந்த வருசம் அதே முன்னறையில்தான் என் ராத்தாவின் கட்டிலும் கிடந்தது.

ராத்தா என் கூடப்பிறந்த அக்கா, என்னிலும் பன்னிரண்டு வயது மூத்தவள். எங்கள் பக்க வழக்கப்படி அந்த வீடே அவளுக்கு எழுதிக் கொடுத்ததுதான். கலியாணம் முடித்து மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்த சில மாதங்களில் சவூதிக்குப் பயணமானார். ஒரு பணக்கார வீட்டில் கார் ஓட்டும் வேலை. லீவில் வந்து போவார். அதற்கிடையில் ராத்தாவுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயிருந்தன. இரண்டு முறையும் மச்சான் இங்கே இல்லை.

மூன்றாம் முறை அவளைக் கல்முனையில் ஒரு பெண் டொக்டரிடம் காட்டினார்கள். "பிள்ளை பிறக்கும்வரை கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது. இடப்பக்கம் சரிந்து படுக்க வேண்டும். பாரம் தூக்குவது, குனிவது ஒன்றும் ஆகாது" என்று அவர் சொல்லிவிட்டார். வாப்பா கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் செங்கல் வைத்து உயர்த்தினார். மின்விசிறி முன்னறையில்தான் இருந்தது என்பதால் கட்டிலை அங்கே கொண்டுவந்து போட்டார்கள்.

என் ராத்தாவை அறிந்தவர்களுக்குத் தெரியும், அவளுடைய கை ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. தையல் மெசினை மிதித்துக்கொண்டே என் எழுத்து வேலையைப் பார்ப்பாள். அடுப்பில் கறி கொதிக்கும்போது வாசலைக் கூட்டிவிட்டு வந்துவிடுவாள். அப்படிப்பட்டவள், ஒருபக்கமாகச் சரிந்து கிடந்து சுவரைப் பார்த்தாள். வந்த பெண்களெல்லாம் சொன்னது ஒன்றுதான்.

"உனக்கென்னகா, ராணி மாதிரி படுத்திரிக்காய். எங்களுக்கு இப்பிடி ஒரு ஓய்வு கெடைக்குமா?"

அவள் சிரித்துவைப்பாள். அவர்கள் போன பிறகு, போர்வையின் ஓரத்து நூலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பாள். கட்டிலின் கீழே நூல் குப்பையாகக் கிடக்கும். அதை நான் அள்ளிப் போடுவேன்.

அப்போதுதான் பெட்டி வந்தது.

மருதமுனையைச் சேர்ந்த ஒருவர் லீவில் ஊர் வந்தபோது மச்சான் கொடுத்தனுப்பிய பெட்டி அது. சவூதிப் பெட்டி திறப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த மணம் மறக்காது. சவர்க்காரம், அத்தர், புதுத்துணி, பிளாஸ்டிக் எல்லாம் கலந்த ஒரு மணம். உம்மா ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். ஒரு போர்வை, பால்மா டின்கள், எனக்கு ஒரு சட்டை, வாப்பாவுக்கு ஒரு டோர்ச் லைட். கடைசியில் அடியிலிருந்து ஒரு கறுத்த மெசின் வந்தது. முகப்பில் மரப்பலகை மாதிரி ஒட்டியிருந்தது. அதிலிருந்து வயர் நீண்டு, வயரின் நுனியில் கட்டையான ஒரு கைப்பிடி. அதன் நடுவில் ஒரு குச்சி. கூடவே இரண்டு தடித்த கேசட்டுகள்.

உம்மா பெட்டிக்குள் மறுபடியும் கையைவிட்டுத் தடவிப் பார்த்தார். இதற்கு அடியில் வேறு ஏதாவது இருக்கும் என்று நினைத்தாராக்கும்.

"இது என்ன சாமான் மகன்?"

காக்கா, என் அண்ணன், அப்போது எட்டாம் வகுப்பு. பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டான். "டீவி கேம் உம்மா! டீவியில கொழுவி விளையாடுற."

"விளையாடுறயா? ஆரு?"

பெட்டியின் மேல் மச்சானின் எழுத்தில் ராத்தாவின் பெயர்தான் இருந்தது. உம்மா கட்டிலைப் பார்த்தார். மச்சானுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்ற ஒரு பார்வை. படுக்கையில் கிடக்கும் மனைவிக்கு ஒரு மனிதன் விளையாட்டுச் சாமான் அனுப்புவானா?

அன்றைக்கே காக்கா அதைச் சுவரிலிருந்த பிளக்கில் கொழுவினான். டப் என்று ஒரு சத்தம். தலைமயிர் பொசுங்கின மாதிரி ஒரு நாற்றம். சவூதியில் வீட்டு மின்சாரம் நம்முடையதில் பாதி வேகம்தானாம். அது எங்களுக்கு எப்படித் தெரியும்?

"பத்திட்டா?" என்று கட்டிலிலிருந்து ராத்தா கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த ஏமாற்றத்தைக் கேட்ட பிறகுதான், அவள் அந்தச் சாமானை விரும்பியிருக்கிறாள் என்று எனக்கு விளங்கியது.

காரைதீவிலிருந்து ரேடியோ திருத்துகிறவர் சைக்கிளில் வந்தார். மெசினைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினார், மணந்தும் பார்த்தார்.

"மெசின் தப்பிட்டுது" என்றார் வாப்பாவிடம். "கரண்ட் எடுக்கிற இந்தச் சின்னப் பெட்டிதான் எரிஞ்சிருக்கு. நம்மட கரண்டுக்கு ஏத்த மாதிரி வேற ஒண்டு செஞ்சி தாறன்."

அவர் செய்துகொண்டு வந்தது ஒரு பவுடர் டின்னுக்குள் அடைத்த பெட்டி. தொட்டால் சுடும், காதை வைத்தால் தேனீ மாதிரி இரையும். டீவியின் குமிழை அவர் மெதுமெதுவாகத் திருகினார். வெள்ளைப் புள்ளிகள் கொட்டின, கோடு கோடாக ஓடியது. திடீரென்று எல்லாம் ஒதுங்கி, மேலே செங்கல் அடுக்கின மாதிரி ஒரு சுவரும், கீழே ஒரு சின்ன மட்டையும், நடுவில் ஒரு பந்தும் வந்து நின்றன. அந்தப் பந்தால் சுவரின் கற்களை ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். பந்து மட்டையைத் தவறிக் கீழே விழக்கூடாது. அவ்வளவுதான் விளையாட்டு.

கைப்பிடியை ராத்தாவின் தலையணையில் வைத்தோம். அவள் சரிந்து படுத்திருந்தபடியால் அவளுக்குச் சுவர் ஒரு பக்கத்திலும் மட்டை மறுபக்கத்திலும் தெரிந்தன. குச்சியை வலப்பக்கம் தள்ளினால் மட்டை அவள் கண்ணுக்குக் கீழே இறங்கியது. பந்து விழுந்துகொண்டே இருந்தது. கழுத்தைத் திருப்பிப் பார்க்க முயன்றாள்; உம்மா சத்தம் போட்டார்.

"ராத்தாவ நிமித்த ஏலாது. டீவிய சரிக்க ஏலும்தானே?" என்றான் காக்கா.

டீவியின் குமிழ்கள் வலப்பக்கத்தில் இருந்தன. அவற்றை மேலே விட்டு, இடப்பக்கம் கீழே வரும்படி டீவியைத் தலையணைகளின் நடுவில் சரித்து வைத்தோம். அறையில் ராத்தாவைத் தவிர மற்ற எல்லோருக்கும் படம் கோணல். அவளுக்கு மட்டும் நேர்.

வாப்பா வட்டையிலிருந்து வந்தார். காலில் வயற்சேறு காயவில்லை. வாசற்படியில் நின்றபடியே கேட்டார்.

"ஆரு இதக் கவுத்த?"

"கவுக்கல்ல வாப்பா, சரிச்சிரிக்கி" என்றான் காக்கா, சுவரோடு ஒட்டிக்கொண்டு.

அந்த நேரம் பார்த்து ராத்தாவின் பந்து, கற்களுக்கு இடையில் ஒரு சந்து கண்டுபிடித்து மேலே போய் மாட்டிக்கொண்டு, தானாகவே டக்டக்டக்கென்று கற்களை உடைக்கத் தொடங்கியது. ராத்தா சிரித்தாள். வந்த பெண்களுக்காகச் சிரிக்கும் சிரிப்பல்ல. சின்ன வயதில் மழையில் நனையும்போது சிரிப்பாளே, அது. வாப்பா தன் தலையையும் இடப்பக்கம் சரித்து டீவியைப் பார்த்தார்.

"மஃரிபுக்குப் பொறகு நிமித்தி வெச்சிருங்க. நியூஸ் பாக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.

அன்றிலிருந்து பகல் முழுக்க எங்கள் டீவி சரிந்து கிடந்தது. பின்னேரமானால் எழும்பி நின்றது. உடம்பை அசைக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் டொக்டரின் கட்டளை. அந்த விளையாட்டுக்கும் அதுதான் தேவை. ஒரு பெருவிரல் மட்டும் அசைய வேண்டும், மற்றதெல்லாம் கல் மாதிரிக் கிடக்க வேண்டும். போர்வையின் நூல் பிறகு பிரியவில்லை.

ஜன்னலில் பையன்கள் சேர்ந்தார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு கம்பிக்குக் கம்பி ஒரு முகம். எல்லோரும் தலையைச் சரித்துக்கொண்டு நிற்பார்கள். ஜன்னலுக்கு உம்மா திரை போட்டார். திரைக்கு நடுவில் டீவி தெரியும் அளவுக்கு மட்டும் ஒரு இடைவெளி விட்டார். அதனால் அந்தப் பையன்கள் ராத்தாவைப் பார்த்ததில்லை. பந்தை மட்டும்தான் பார்த்தார்கள். "ராத்தா சுவர முடிச்சிட்டாவா?" என்று பள்ளிக்கூடத்தில் என்னிடம் கேட்பார்கள்.

என் மகனுக்கு நான் சொல்ல விரும்புவது, மெசினைப் பற்றிய வாதம் அவன் காலத்தில் தொடங்கவில்லை என்பதுதான். கல்முனை பசாரில் ஒரு முதலாளி வீட்டிலும் ஒரு டீவி கேம் இருந்தது. அதில் குச்சி இல்லை; ரேடியோவில் சத்தம் கூட்டுகிற மாதிரி ஒரு குமிழ். ஜன்னலுக்கு வெளியே இதைப் பற்றிச் சண்டையே நடந்தது.

"குமிழ்தான்டா திறம். பந்து வேகமா வந்தா மட்டையும் வேகமாப் போகும்."

"அந்த மெசின்ல கேசட் மாத்த ஏலாதே! வாங்கின நாள்ல இருந்து அதே விளையாட்டுத்தான். இதுல புதுசு வந்தா போடலாம்."

"புதுசு எப்ப வரும்?"

எங்களுக்குப் புது வெளியீடு என்றால் சவூதியிலிருந்து யாராவது ஊருக்கு வருவது. ஹஜ்ஜுக்குப் பிறகு ஒருவர் வருவாராம், அவரிடம் கேசட் வருமாம் என்று ஒரு கதை எழும்பும். அவர் வேறு யாருக்கோ தையல் மெசின் கொண்டுவந்திருப்பார்.

குமிழா குச்சியா என்று ராத்தாவிடம் கேட்டேன். அவள் யோசித்துத்தான் சொன்னாள். "எனக்கிக் குச்சிதான். குமிழ் எண்டா மணிக்கட்டு திரும்பணும், மணிக்கட்டு திரும்பினா தோள் அசையும். குச்சிய உட்டா அது தானா நடுவுக்கு வந்திடும். நானும் அசையாமக் கெடக்கலாம்."

அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குக் கடிதத்தைவிடக் கேசட் அனுப்புவதுதான் வழக்கம், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டேப் ரெக்கோடரை நடுவில் வைத்து வீட்டார் எல்லோரும் பேசிப் பதிந்து அனுப்புவோம். அந்த முறை ராத்தா பேசி முடித்ததும், டேப்பை ஜன்னலுக்குக் கொண்டுபோ என்றாள். பையன்கள் திரைக்கு வெளியே நின்று மச்சானுக்கு அபிப்பிராயம் சொன்னார்கள். ஒருவன் கார் ஓடுகிற கேசட் வேண்டும் என்றான். இன்னொருவன், கலர் டீவி அனுப்பினால்தான் இந்த மெசினின் உண்மையான திறமை தெரியும் என்றான். ஒருவன் சலாம் சொல்லிவிட்டு, பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல் யாசீன் ஓதத் தொடங்கிவிட்டான்.

மச்சானின் பதில் கேசட் வந்தது. பின்னால் கார்களின் சத்தம் கேட்டது. எல்லோருக்கும் சலாம் சொன்னார், சுகம் விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"நான் வேல செய்ற ஊட்ல ஒரு பொடியன் கால் முறிஞ்சி கெடந்தான். மூணு மாசம் கட்டு. கையில இது இரிக்கும்மட்டும் அவன் ஒருநாளும் அழல்ல. அதப் பார்த்திட்டுத்தான் வாங்கின. ஊட்ல எல்லாரும் சிரிப்பாங்க, தெரியும். நீ சிரிச்சாக் காணும்."

அந்தக் கேசட்டுகளெல்லாம் பின்னாளில் சுனாமியில் கடல் வந்தபோது அலுமாரியோடு போய்விட்டன. குரல் மட்டும் காதில் கிடக்கிறது.

மாமியைப் பற்றி இனித்தான் சொல்ல வேண்டும். மாமி என்றால் மச்சானின் உம்மா. கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். இளம் வயதிலேயே கணவரை இழந்து பிள்ளைகளை ஆளாக்கியவர். வீட்டில் ஒரு குமர் இருந்தாள், மச்சானின் தங்கை. நம் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கலியாணம் இல்லை. அந்த வீட்டைக் கட்டுவதற்குத்தான் மச்சான் பயணம் போனதே. சுவர் எழும்பி இரண்டு மாரி மழையில் நனைந்துவிட்டது. மேலே ஓடு இல்லை. பேசிவைத்த மாப்பிள்ளை வீட்டார் ஓட்டுக்காகக் காத்திருந்தார்கள். காத்திருப்பவர்கள் எத்தனை நாளைக்குக் காத்திருப்பார்கள்?

மகன் டீவி கேம் அனுப்பிய கதை மாமியின் காதுக்குப் பசாரிலிருந்து போய்ச் சேர்ந்தது. ஒரு லுஹருக்குப் பிறகு வந்தார். நாங்கள் டீவியின் வயரைக் கழற்றிவிட்டிருந்தோம். மெசின் மட்டும் கட்டிலில் கிடந்தது. மாமி உட்காரவில்லை.

"நான் சண்டைக்கி வரல்ல மகள்" என்றார் ராத்தாவிடம். "என்ட மகன் வெயில்ல கெடந்து உழைக்கிறது எதுக்கு எண்டு உனக்கித் தெரியும். ஒரு குமர வெச்சிக்கிட்டு நான் எப்பிடிக் கண்ண மூடுற? இந்தச் சாமான்ட காசுக்கு எத்தின ஓடு வாங்கலாம்?"

"அது அவர்ட விருப்பத்துக்கு அனுப்பின..." என்று உம்மா தொடங்கினார்.

"அவனுக்கென்ன தெரியும் மச்சி? இதுல இருந்து ஏதோ ஒளி வருமாம். வயித்துப் புள்ளக்கிக் கூடாதாம். ரெண்டு போனது காணாதா? இதுவும் போகணுமா?"

மாமி பயந்தது நடிப்பல்ல. உம்மாவும் அந்தப் பயத்தில் விழுந்துவிட்டார் என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது.

"குடுத்திடுங்க உம்மா" என்றாள் ராத்தா.

வயரை அவளே சுருட்டினாள். கைப்பிடியைச் சுற்றி ஒழுங்காக மடித்து, கேசட்டுகளை மேலே வைத்து, ஒரு பழைய தாவணியில் கட்டித் தந்தாள். மாமி அதை வாங்கிக்கொண்டு, ராத்தாவின் நெற்றியில் கைவைத்து எதையோ ஓதி ஊதிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு டீவி சரியவில்லை. பையன்கள் இரண்டு மூன்று நாள் ஜன்னலுக்கு வந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள். ராத்தா யாரோடும் கோபிக்கவில்லை. அதுதான் எல்லோரையும் ஏமாற்றியது. பிள்ளை அமைதியாகப் படுத்திருக்கிறாள் என்றார்கள். எனக்கு மட்டும் அது வேறுமாதிரித் தெரிந்தது. போன இரண்டு பிள்ளைகளைப் பற்றி அவள் அந்த நாட்களில்தான் என்னோடு கதைத்தாள், அதுவரை கதைத்ததில்லை. "இதுவும் அசையாம இரிக்கிற மாதிரி இரிக்கிடி. கைய வெச்சிப் பாரு" என்பாள். வைத்துப் பார்ப்பேன். ஒன்பது வயதுக் கைக்கு என்ன தெரியும்? "அசையுது ராத்தா" என்பேன்.

ஒருநாள் உம்மா கிணற்றடியில் நின்றார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கட்டில் வெறுமையாகக் கிடந்தது. ராத்தா தையல் மெசினில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்குத் துணி தைக்கிறாளாம். கால் மெசினை மிதித்துக்கொண்டிருந்தது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என்னைக் கண்டதும் விரலை வாயில் வைத்து, உம்மாவிடம் சொல்லாதே என்று காட்டினாள். எழும்பும்போது அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டாள். நிலத்தில் இரத்தம்.

எப்படிக் கார் வந்தது, யார் தூக்கி ஏற்றினார்கள் என்பதெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். உம்மாவின் ஒரு செருப்பு வாசலில் கிடந்தது ஞாபகம். கல்முனை ஆஸ்பத்திரியில் அவளை வைத்துக்கொண்டார்கள். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு கேட்கிறது, இன்னும் சில வாரம் உள்ளே இருந்தால் தப்பும், அசையவிடாதீர்கள் என்றார் அந்தப் பெண் டொக்டர். அப்போதுதான் உம்மா அவரிடம் ஒளி விசயத்தைக் கேட்டார். டொக்டர் சிரிக்கவில்லை. "அந்த ஒளி பிள்ளையை ஒன்றும் செய்யாதம்மா. இவர் கட்டிலைவிட்டு இறங்குவதுதான் செய்யும்" என்றார். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் பின்னேரம் நோயாளரைப் பார்க்கும் நேரத்தில் மாமி வந்தார். கையில் அந்தத் தாவணி மூட்டை. அவர் அதை விற்றிருக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் மூட்டையை அவிழ்த்து, மெசினை ராத்தாவின் பக்கத்தில் வைத்து, கைப்பிடியை அவள் கைக்குள் திணித்தார்.

"இந்தா புள்ள. இனி நீ விளையாடு. ஒண்டும் ஆகாதாம், டொக்டர் சொல்லிட்டாவாம். விளையாடு."

ராத்தா கைப்பிடியைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள்.

"என்ன பாக்காய்? கரண்ட் வேணுமா? மிஸ்ஸிட்ட நான் கேக்கன்." மாமி எழும்பிப் போய் நர்சைக் கையோடு கூட்டிவந்தார். "மகள், இதக் கொஞ்சம் கொழுவி உடுங்க."

"டீவி எங்கம்மா?" என்றாள் மிஸ்ஸி.

"டீவி எதுக்கு?"

மாமி அந்த விளையாட்டை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. அந்த மெசினே விளையாட்டு என்று நினைத்திருந்தார். அதற்குள் ஏதோ ஓடும், அதைப் பார்த்துக்கொண்டு பெண்பிள்ளை நாளை வீணாக்குகிறாள் என்று நினைத்திருந்தார். டீவி இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி என்று விளங்கியபோது, அந்த மனிதரின் முகம் போன போக்கை நான் எப்படிச் சொல்வேன்? தன் வீடிருந்த கிழக்கு வீதியிலிருந்து வெயிலில் சுமந்துகொண்டு வந்திருந்தார்.

ராத்தா சிரிக்கத் தொடங்கினாள். "சிரிக்க வேணாம், வயிறு குலுங்கும்!" என்று மிஸ்ஸி அதட்டினாள். ராத்தா உதட்டைக் கடித்துக்கொண்டு, மாமியின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இரிக்கட்டும் மாமி. நான் விளையாடுறன். பாருங்க."

கண்ணை மூடிக்கொண்டாள். பெருவிரல் குச்சியில் ஏறியது. "பந்து எங்கடி?" என்று என்னிடம் கேட்டாள்.

எனக்கு அந்தச் சுவர் மனப்பாடம். எந்தக் கல்லில் பட்டால் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் தெரியும். "வலத்தால வருது ராத்தா. மேல. இப்ப கீழ. இடம், இடம்!" என்றேன். குச்சி டக்கென்று சரிந்தது.

மாமி என் முகத்தையும் அவள் விரலையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்னவாம்? புடிச்சிட்டாளா?"

"புடிச்சிட்டா மாமி. ஒரு கல்லு ஒடஞ்சிட்டு."

"இன்னம் எத்தின கல்லு இரிக்கி?"

"நெறைய."

"அப்ப விளையாடு. விளையாடு. நான் இஞ்சதான் இருக்கன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் மாமி வந்தார். சில நாளில் நான் வருவதற்கு முன்பே பந்து எங்கே என்று மாமியே சொல்லத் தொடங்கிவிடுவார். அவருடைய பந்துக்குச் சட்டதிட்டமே கிடையாது. சுவரைத் தாண்டி வெளியே போய்விட்டுத் திரும்பி வரும். ஒருமுறை கடற்கரை வரைக்கும் போய் வந்தது. பக்கத்துக் கட்டிலில் கிடந்த பாண்டிருப்புப் பெண்மணி எழும்பி உட்கார்ந்து, "இப்ப எங்க நிக்குது பெரியம்மா?" என்று கேட்பார். "பொறு மகள், பந்து மேல போயிட்டு" என்பார் மாமி முகட்டைக் காட்டி. அந்த வாட்டில் கிடந்தவர்களெல்லாம் முகட்டைப் பார்ப்பார்கள்.

பிள்ளை நாளுக்கு முந்தித்தான் பிறந்தது. பெண் பிள்ளை. பூனைக்குட்டி அளவு. ஆனால் அழுதது, வாட்டு முழுக்கக் கேட்கும்படி அழுதது. வாப்பா வெளியே, பிறந்த பிள்ளைக்குப் பாங்கு சொல்லக் கூப்பிடும்வரை, தலையைக் குனிந்துகொண்டே நின்றார். காதில் பாங்கு சொல்லும்போது அவருக்குக் குரல் இரண்டாகப் பிளந்தது.

வீட்டுக்கு வந்து நாற்பது நாள் கழிந்த பிறகு, ராத்தா தானாகவே மெசினை எடுத்து மாமியிடம் கொடுத்தாள். காக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பையன்களுக்கு அதைவிட. மாமி வேண்டாம் என்றுதான் சொன்னார், ஒருமுறை அல்ல.

"மடியில இது கெடக்கு மாமி" என்றாள் ராத்தா பிள்ளையைக் காட்டி. "எனக்கி அதத் தொட எங்க நேரம்? குமர்ட காரியத்தப் பாருங்க."

குமிழ் மெசின் வைத்திருந்த அதே பசார் முதலாளிதான் அதை வாங்கினார், பவுடர் டின்னோடு. மச்சான் அனுப்பியது, வாப்பா கொடுத்தது, அதோடு இதுவும் சேர்ந்து ஓடு வந்து இறங்கியது.

ஓடு போட்ட நாள் நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். ஆண்கள் மேலே வரிசையாக நின்று கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ராத்தா பிள்ளையோடு நிழலில் உட்கார்ந்திருந்தாள். மாமி மட்டும் உட்காரவில்லை. அறை அறையாகப் போய் அண்ணாந்து பார்த்தார். மணப்பெண்ணுக்கான அறைக்குள் கொஞ்ச நேரம் நின்றார். கட்டில் எங்கே வரும் என்று காலால் நிலத்தில் ஒரு கோடு கீறினார். பிறகு மேலே நின்ற மேசனைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த இடத்துக்கு நேர ஒரு கண்ணாடி ஓடு போடு."

"ஒழுகினாலும் ஒழுகும் மாமி. படுக்கிற அறைக்கி எதுக்குக் கண்ணாடி?"

மாமி இடப்பக்கமாகத் தலையைச் சரித்து, அந்த இடம் சரிதானா என்று பார்த்துக்கொண்டார்.

"நாளைக்கி இவளும் புள்ளத்தாச்சியாப் படுத்துக் கெடந்தா, பாக்கிறத்துக்கு ஏதாச்சும் ஒண்டு வேணாமா? போடு நீ."